டாக்கர் கண்டெய்னருக்குள் எம்விஎஸ் 3.8ஜே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970களில் ஐபிஎம் சிஸ்டம்/370 மெயின்பிரேம்களில் ஓடிய எம்விஎஸ் இயங்குதளத்தை இன்றைய லேப்டாப்பில், ஒரு டாக்கர் கண்டெய்னருக்குள் ஓட்டுவது பற்றிய கேள்வி பதில் இது. லினக்ஸும் டாக்கரும் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மெயின்பிரேம் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எம்விஎஸ் 3.8ஜே என்பது என்ன?

ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360ஐ அறிவித்தது. 1970இல் சிஸ்டம்/370 வந்தது. அதற்கு மெய்நிகர் நினைவகம் சேர்ந்த பிறகு, 1974இல் வெளியான இயங்குதளம்தான் எம்விஎஸ். ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு வேலைக்கும் 16 எம்பி அளவில் தனித்தனி முகவரி வெளி கொடுத்தது அதன் பெரிய சாதனை. 24 பிட் முகவரி என்பதால் 16 எம்பிதான் உச்சம். அன்றைக்கு அது கடல் மாதிரி தெரிந்தது.

இந்த வரிசையில் கட்டணமில்லாமல் கிடைத்த கடைசிப் பதிப்பு 3.8. அதற்குப் பின் வந்தவை எல்லாம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியவை. இன்று வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஓடும் இசட்/ஓஎஸ், இந்த எம்விஎஸ்ஸின் நேரடி வாரிசு.

மெயின்பிரேம் இயங்குதளம் கண்டெய்னருக்குள் எப்படி ஓடும்? கண்டெய்னர் லினக்ஸ் கெர்னலைத்தானே பகிர்ந்துகொள்கிறது?

நியாயமான சந்தேகம். எம்விஎஸ் நேராகக் கண்டெய்னருக்குள் ஓடுவதில்லை. நடுவில் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் இருக்கிறது. ரோஜர் பௌலர் தொடங்கி 1999இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. சிஸ்டம்/370இன் செயலி, வட்டுகள், கார்டு ரீடர், பிரிண்டர், டெர்மினல் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் இதுவே நடித்துக் காட்டுகிறது. லினக்ஸின் பார்வையில் ஹெர்குலிஸ் ஒரு சாதாரண நிரல். கண்டெய்னர் அடைத்து வைப்பது அதைத்தான். எம்விஎஸ் தன்னை ஓர் உண்மையான 370 மெஷினில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். டாக்கர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹெர்குலிஸை நேராக நிறுவினால் போதாதா?

போதும். தொகுப்பை இறக்கி, விரித்து, ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் எம்விஎஸ் எழுந்துவிடும். ஒரே ஒரு சிஸ்டத்தை வைத்து ஜேசிஎல் (மெயின்பிரேமுக்கு வேலைகளை எழுதிக் கொடுக்கும் மொழி) பழகுவது மட்டும்தான் நோக்கம் என்றால் கண்டெய்னர் வேண்டாம் என்றே சொல்வேன்.

கண்டெய்னர் எப்போது உதவும்? சிஸ்டம் கோப்புகளைக் கைவைத்துக் கெடுத்துப் பார்க்க வேண்டும், கெட்டால் அடுத்த நிமிஷம் பழைய நிலைக்கு வர வேண்டும் என்கிறவர்களுக்கு. ஒரு வகுப்பில் ஆளுக்கொரு மெயின்பிரேம் கொடுக்க விரும்பும் ஆசிரியருக்கு. ஹெர்குலிஸின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பூட்டி வைத்து, பத்து மெஷினிலும் அதே மாதிரி ஓட வேண்டும் என்பவர்களுக்கு.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்கர் பழகியவர்களின் கை ஒரு மாதிரி வேலை செய்யும்: சந்தேகம் வந்தால் கண்டெய்னரைக் கொல், புதிதாக ஒன்றைக் கிளப்பு. மெயின்பிரேம் பழகியவர்களின் கை நேர் எதிர்: சிஸ்டம் சாகவே கூடாது, நிறுத்துவதானால் முறைப்படி நிறுத்து. இந்த இரண்டாவது கைப்பழக்கத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி புதியதாக இருக்கலாம், உள்ளே இருப்பவருக்குப் பழைய மரியாதைதான்.

எந்தத் தொகுப்பை எடுப்பது?

எம்விஎஸ்ஸை வெற்று நாடாக்களிலிருந்து நிறுவுவது தனி வித்தை. பெரும்பாலோர் டர்ன்கீ எனப்படும் தயார்நிலைத் தொகுப்பைத்தான் எடுக்கிறார்கள். முதல் டர்ன்கீயை உருவாக்கியவர் ஃபோல்கர் பாண்ட்கே. அதை வளர்த்து டிகே4- என்று தந்தவர் யூர்கன் விங்கல்மான். ராப் பிரின்ஸ் 2023இல் டிகே5ஐக் கொண்டுவந்தார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டிகே5 நல்லது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளும் தயார் இமேஜ்களும் டிகே4-ஐச் சுற்றியே அதிகம். அதனால் இங்கே சொல்லும் உதாரணங்களும் டிகே4-ஐ ஒட்டியவை.

டாக்கர் ஹப்பில் தயார் இமேஜ்கள் இருக்கின்றன. யார் கட்டியது, எந்தக் கட்டளைகளால் கட்டியது என்று பார்த்துவிட்டு எடுங்கள். நீங்களே கட்டுவதும் பெரிய வேலை இல்லை: டெபியன் ஸ்லிம் அடித்தளம், அதன் மேல் விரித்த டர்ன்கீ அடைவு, தொடக்க ஸ்கிரிப்ட். அவ்வளவுதான்.

ஆல்பைன் அடித்தளத்தில் கட்டினேன். கோப்பு கண் முன்னே இருக்கிறது, ஆனால் “கோப்பு இல்லை” என்கிறது. ஏன்?

டர்ன்கீயோடு வரும் ஹெர்குலிஸ் பைனரிகள் ஜிலிப்சி நூலகத்தை நம்பி உருவாக்கப்பட்டவை. ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு நூலகம். பைனரி கேட்கிற லோடர் அங்கே இல்லை. இல்லாத அந்த லோடரைப் பற்றித்தான் லினக்ஸ் புகார் சொல்கிறது. படிக்கிறவருக்கோ பைனரியே இல்லை என்பது போலக் கேட்கும். டெபியனுக்கோ உபுண்டுவுக்கோ மாறுங்கள். ஆல்பைன்தான் வேண்டும் என்றால் ஹெர்குலிஸை மூலத்திலிருந்து அங்கேயே கம்பைல் செய்யுங்கள்.

இதன் இன்னொரு வடிவம் ஆர்ம் செயலிகளில் வரும். ராஸ்பெர்ரி பையிலோ புதிய மேக்கிலோ இன்டெல் இமேஜை இழுத்தால், அது க்யூஎமு வழியாக ஓடலாம். எமுலேட்டருக்குள் எமுலேட்டர். ஓடும், ஆனால் ஆமை வேகத்தில். ஆர்ம் பைனரி உள்ள இமேஜாகப் பார்த்து எடுங்கள்.

எந்தெந்த போர்ட்களைத் திறக்க வேண்டும்?

மூன்று. 3270 டெர்மினலுக்கு, 3505 கார்டு ரீடருக்கு, 8038 ஹெர்குலிஸின் வலைக் கன்சோலுக்கு. முதல் இரண்டும் ஐபிஎம் கருவிகளின் மாடல் எண்கள்தான், அதனால் மறக்காது.

இங்கேதான் ரொம்பப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். டாக்கரில் வெறுமனே 3270:3270 என்று எழுதினால், அது உங்கள் மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறந்துகொள்ளும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் நேராக எழுதுவதால் யூஎஃப்டபிள்யூவின் தடை அங்கே எட்டாது. கிளவுட் சர்வரில் இப்படித் திறந்தால் கதை என்ன ஆகும்? டர்ன்கீயின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உலகறிந்தவை. டெல்நெட் என்பதால் தட்டுவதெல்லாம் மறையாக்கம் இல்லாமல் போகும். 3505ஐத் தொட முடிந்தவர் யாரும் ஒரு வேலையைத் தள்ளிவிடலாம். 8038 கையில் கிடைத்தால் முழு மெஷினுமே அவர் கையில்.

எனவே 127.0.0.1:3270:3270 என்று எழுதுங்கள், மற்ற இரண்டுக்கும் அப்படியே. வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் போட்டு வாருங்கள்.

உள்ளே நிலைமை நேர்மாறு. கண்டெய்னருக்குள் ஹெர்குலிஸ் எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் கார்டு ரீடர் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால், வெளியே போர்ட் திறந்தது போலத் தெரியும், இணைப்போ உடனே அறுந்துபோகும்.

கிளப்பியாயிற்று. உள்ளே நுழைவது எப்படி?

சாதாரண டெல்நெட் உதவாது. எக்ஸ்3270, அல்லது டெர்மினலிலேயே ஓடும் சி3270 வேண்டும். கண்டெய்னர் எழுந்ததும் எம்விஎஸ்ஸின் ஐபிஎல் தொடங்கும். கிரிக்கெட் அல்ல, மெயின்பிரேமில் பூட் செய்வதற்கு அதுதான் பெயர். ஒரு நிமிஷம் அவகாசம் கொடுங்கள். ஐபிஎல் முடியும் முன்பே இணைந்தால் ஹெர்குலிஸின் வரவேற்புத் திரை மட்டும் வந்து நிற்கும்.

உள்நுழைவுத் திரையில் பயனர் பெயர் ஹெர்க்01, பாஸ்வேர்டு சி-யு-எல்-8-டி-ஆர். பிறகு ஒரு பொன்மொழி வரும், கீழே மூன்று நட்சத்திரக் குறிகள். சிஸ்டம் தொங்கிவிட்டது என்று இங்கேதான் பலர் நினைக்கிறார்கள். இன்னும் இருக்கிறது, என்டர் தட்டு என்று அர்த்தம், அவ்வளவுதான். தட்டினால் டிஎஸ்ஓ பட்டியல் வரும். பயனர் உட்கார்ந்து கட்டளை தட்டும் எம்விஎஸ்ஸின் பகுதிதான் டிஎஸ்ஓ. அதில் உள்ள ஆர்எஃப்இ, ஆர்பிஎஃப் இரண்டும் இன்றைய மெயின்பிரேமில் இருக்கும் ஐஎஸ்பிஎஃப் போலப் பழகும் எடிட்டர்கள். பிஎஃப்3 (உங்கள் விசைப்பலகையில் எஃப்3) தட்டினால் பட்டியலிலிருந்து வெளியேறி ரெடி என்ற வெற்றுத் தூண்டலுக்கு வருவீர்கள். பழைய காலத்து ஆட்கள் பெரும்பாலும் இங்கேதான் குடியிருந்தார்கள்.

விசைப்பலகை பூட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

3270 டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் மெஷினுக்கு அனுப்புவதில்லை. திரையை நிரப்புவது நீங்கள். என்டர் அல்லது ஒரு பிஎஃப் விசை தட்டும்போதுதான் மொத்தமாகப் போகும். எழுதக் கூடாத இடத்தில் எழுத்து விழுந்தால் டெர்மினலே பூட்டிக்கொள்ளும், கீழ்வரியில் ஓர் எக்ஸ் குறி தெரியும். சி3270இல் கன்ட்ரோல்-ஆர் பூட்டைத் திறக்கும். கன்ட்ரோல்-சி திரையைத் துடைக்கும். லினக்ஸ் பழக்கத்தில் நிரலை நிறுத்த நினைத்துக் கன்ட்ரோல்-சி அடித்துவிட்டுத் திரை காலியாகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

முதல் வேலையாக எதை ஓட்டிப் பார்க்கலாம்?

ஐஇஎஃப்பிஆர்14. எதுவுமே செய்யாத நிரல் இது. வந்த வழியே திரும்பிப் போ என்ற ஒற்றை மெஷின் கட்டளைதான் ஆரம்பத்தில் அதில் இருந்தது. அதிலும் ஒரு பிழை! நிரல் முடியும்போது 15ஆம் ரெஜிஸ்டரில் இருப்பதுதான் அதன் முடிவுக் குறியீடு. அதை யாரும் பூஜ்யமாக்காததால், எதுவும் செய்யாத நிரல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துகொண்டிருந்தது. பூஜ்யமாக்கும் கட்டளையைச் சேர்த்தார்கள். நிரல் அளவில் இரண்டு மடங்கானது. எதுவும் செய்யாத நிரல் எதற்கு என்றால், எம்விஎஸ்ஸில் கோப்பை உருவாக்குவதும் அழிப்பதும் ஜேசிஎல் வரிகளின் வேலை. ஜேசிஎல் ஓட ஒரு நிரல் பெயர் வேண்டும். அந்தச் சாக்குதான் இது.

இரண்டு வரிகள் போதும். இரண்டுமே இரட்டைச் சாய்கோட்டில் தொடங்க வேண்டும். முதல் வரியில் வேலையின் பெயர், ஜாப் என்ற சொல், கிளாஸ் ஏ, எம்எஸ்ஜிகிளாஸ் ஏ, கூடவே யூசர், பாஸ்வேர்டு. இரண்டாம் வரியில் படியின் பெயர், எக்ஸெக், பிஜிஎம் சமக்குறி ஐஇஎஃப்பிஆர்14. முதல் வரி 71ஆம் நெடுவரிசையைத் தாண்டினால் ஒரு காற்புள்ளியோடு முறித்து, அடுத்த அட்டையில், அதாவது அடுத்த வரியில், மறுபடி இரட்டைச் சாய்கோடு போட்டு, 4 முதல் 16 வரையுள்ள ஒரு நெடுவரிசையில் தொடருங்கள். டர்ன்கீயில் ஆர்ஏகேஎஃப் என்ற பாதுகாப்பு அடுக்கு இருக்கிறது. காவலில் உள்ள கோப்பைத் தொடும் வேலைகளுக்கு யூசரும் பாஸ்வேர்டும் இல்லாவிட்டால் 913 என்ற குறியீட்டோடு வெளியே தள்ளிவிடும்.

இதை உங்கள் லினக்ஸில் ஒரு சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்து, நெட்கேட் வழியாக 3505 போர்ட்டுக்குள் தள்ளுங்கள். ஒரு கட்டு அட்டையைக் கார்டு ரீடரில் வைத்ததற்குச் சமம். சில நெட்கேட் பதிப்புகள் கோப்பு முடிந்த பிறகும் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ரீடரும் இன்னும் அட்டை வரும் என்று காத்திருக்கும். காலக்கெடு விருப்பத்தை 1 வினாடி என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

ஜேசிஎல் பிழை என்று வருகிறது, என்ன பிழை என்றே புரியவில்லை.

தொடக்கக்காரர்களின் பிழைகள் பெரும்பாலும் வெற்றிடத்தில்தான். ஒரு காற்புள்ளிக்குப் பிறகு பழக்கதோஷத்தில் ஓர் இடைவெளி விட்டால், அதற்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் எம்விஎஸ் குறிப்புரை என்று ஒதுக்கிவிடும். சிறிய எழுத்துகளை ஏற்காது. டேப் விசையை மறந்துவிடுங்கள். அட்டையில் டேப் கிடையாது. 80 எழுத்துக்கு மேல் போனால் ரீடரே சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்? அச்சு எங்கே?

கண்டெய்னருக்குள் பிஆர்டி அடைவில், பிஆர்டி00இ என்ற உரைக் கோப்பில். அந்த அடைவை வெளியே இணைத்துவிட்டால் உங்கள் எடிட்டரிலேயே படிக்கலாம். முதல் பக்கத்தில் வேலையின் பெயர் பிரம்மாண்டமான கட்ட எழுத்துகளில் இருக்கும். ஆயிரம் பக்கக் காகிதக் குவியலில் எது யாருடைய அச்சு என்று ஆபரேட்டர் கிழித்துப் பிரிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கீழே போனால் காண்ட் கோட் 0000 என்று ஒரு வரி. அது வந்தால் வேலை சரியாக முடிந்தது.

செய்திகளில் ஹாஸ்ப் என்ற முன்னொட்டு அடிக்கடி கண்ணில் படும். ஹூஸ்டனில் நாசாவின் வேலைக்காக ஐபிஎம் ஆட்கள் எழுதிய ஸ்பூலிங் நிரலின், அதாவது வேலைகளையும் அச்சுகளையும் வரிசையில் நிறுத்தி வைக்கும் நிரலின், பெயர் அது. அதன் வழித்தோன்றல்தான் எம்விஎஸ்ஸில் இந்த வேலையைச் செய்யும் ஜெஸ்2. அப்பல்லோ காலத்துப் பெயரை இன்றைய இசட்/ஓஎஸ்ஸும் தன் செய்திகளில் சுமந்துகொண்டிருக்கிறது.

கண்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கினேன். நான் எழுதியதெல்லாம் போய்விட்டது!

போகத்தான் செய்யும். எம்விஎஸ்ஸின் ஒவ்வொரு வட்டும் கண்டெய்னருக்குள் டிஏஎஸ்டி அடைவில் ஒரு கோப்பு. தனியாக எதுவும் செய்யாவிட்டால் அந்தக் கோப்பில் எழுதுவதெல்லாம் கண்டெய்னரின் மேலடுக்கில் விழுகிறது. கண்டெய்னரை நீக்கினால் மேலடுக்கும் போகும். டிஏஎஸ்டி அடைவை டாக்கர் வால்யூமில் வைப்பதுதான் வழி. எம்விஎஸ்ஸிலும் வட்டுக்கு வால்யூம் என்றே பெயர் என்பதால், உதவி கேட்கும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வேகத்துக்கும் இது நல்லது. டாக்கரின் ஓவர்லே அடுக்கில், கீழே உள்ள ஒரு கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் முதல் தடவை முழுக் கோப்பும் மேலே நகலெடுக்கப்படும். 3350 வகை வட்டின் கொள்ளளவு 317 எம்பி. ஐபிஎல் ஆகும்போதே எம்விஎஸ் பல வட்டுகளில் எழுதத் தொடங்கிவிடும் என்பதால், அத்தனையும் நகலாகும்.

இதைவிட அழகான வழி ஒன்று ஹெர்குலிஸிலேயே இருக்கிறது: ஷேடோ கோப்பு. மூல வட்டுக் கோப்பைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும். டாக்கர் பிறந்தது 2013இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹெர்குலிஸ்காரர்கள் இந்த அடுக்கு வித்தையைக் கையில் வைத்திருந்தார்கள். மூல வட்டுகளை இமேஜில் வைத்து, ஷேடோ கோப்புகளை மட்டும் வால்யூமில் வையுங்கள். பழைய நிலைக்குப் போக வேண்டுமானால், சிஸ்டத்தை நிறுத்திவிட்டு ஷேடோக்களை அழித்தால் போதும். வகுப்பறைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

டாக்கர் ஸ்டாப் கொடுத்து நிறுத்தலாமா?

கூடாது. கொடுப்பதாக இருந்தால், உள்ளே எம்விஎஸ் ஏற்கெனவே படுத்துவிட்டிருக்க வேண்டும்.

டாக்கர் ஸ்டாப் முதலில் டெர்ம் சிக்னல் அனுப்பும். 10 வினாடி பார்க்கும். அப்புறம் கில். தொடக்கமாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால், அந்த முதல் சிக்னல் ஹெர்குலிஸுக்குப் போய்ச் சேராமலே கூடப் போகலாம். சேர்ந்தாலும் எம்விஎஸ்ஸுக்கு அது என்னவென்றே தெரியாது. அதன் கணக்கில் இது மின்வெட்டு. பத்தில் ஒன்பது தடவை அடுத்த ஐபிஎல்லில் ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடும்; அதுதான் ஆபத்தே. எழுதிக்கொண்டிருந்த கேட்டலாக் (எந்தக் கோப்பு எந்த வட்டில் என்ற பட்டியல்) பாதியில் நின்றதா, சுருக்கிய வட்டுக் கோப்பு உள்ளே குழம்பியதா என்பது பிறகுதான் தெரியவரும். சுருக்கிய வட்டுகளைச் சரிபார்க்க ஹெர்குலிஸோடு சிசிகேடிசிடிஎஸ்கே என்ற கருவி வருகிறது. ஆனால் அது கோப்பின் அமைப்பைத்தான் சரிசெய்யும். உள்ளே எம்விஎஸ் பாதி எழுதிய விஷயத்தை அதனால் முடித்துவைக்க முடியாது.

முறையான வழி சுலபம்தான். டிகே4-இல் ஹெர்க்01 ஆக நுழைந்து, ரெடி தூண்டலில் ஷட்டவுன் என்று தட்டி, உடனே லாகாஃப் செய்யுங்கள். மீதியை உள்ளே இருக்கும் தானியங்கி ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளும்: டிஎஸ்ஓவை நிறுத்தி, நெட்வொர்க்கை மூடி, ஜெஸ்2ஐ முடித்து, இசட் இஓடி கட்டளையால் பதிவேடுகளை வட்டில் எழுதவைத்து, கடைசியில் ஹெர்குலிஸையே அணைத்துவிடும். கண்டெய்னரும் தானாக முடியும்.

முறைப்படித்தான் நிறுத்துகிறேன். கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி எழுந்துவிடுகிறது.

மறுதொடக்கக் கொள்கையில் ஆல்வேஸ் என்று போட்டிருப்பீர்கள். உள்ளே நிரல் ஒழுங்காக முடிந்தாலும் டாக்கர் அதை எழுப்பிவிடும். அன்லெஸ்-ஸ்டாப்டு போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் நிறுத்தியது நீங்கள் அல்ல, நிரல் தானாக முடிந்தது. ஆன்-ஃபெயிலியர் போடுங்கள், அல்லது கொள்கையே வேண்டாம்.

காப்பு எடுப்பது?

நிறுத்திவிட்டு டிஏஎஸ்டி அடைவை டார் செய்யுங்கள். ஓடும்போது எடுத்த நகலை நம்பாதீர்கள்.

எவ்வளவு நினைவகம், செயலி தேவை?

சில நூறு எம்பி நினைவகம் இருந்தால் தாராளம். எம்விஎஸ் பார்ப்பதே 16 எம்பிதான். செயலியும் அப்படியே. 370/158 மாடல் வினாடிக்குச் சுமார் 10 லட்சம் கட்டளைகளை ஓட்டியது. இன்றைய சாதாரண லேப்டாப்பில் ஹெர்குலிஸ் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். வேலை இல்லாதபோது எம்விஎஸ் காத்திருப்பு நிலைக்குப் போய்விடுவதால் லேப்டாப் விசிறியும் சும்மா இருக்கும். த்ரெட் முன்னுரிமையை உயர்த்த முடியவில்லை என்று தொடக்கத்தில் ஹெர்குலிஸ் எச்சரிக்கும். கண்டெய்னருக்கு அந்த உரிமை இல்லாததால் வருவது, விட்டுவிடலாம்.

நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது.

கண்டெய்னர்கள் இயல்பாக யூடிசியில் ஓடும். டிஇசட் சூழல் மாறியைக் கொடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஹெர்குலிஸ் கான்ஃபிகில் டிஇசட்ஆஃப்செட் +0530 என்று வையுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே எண்தான்.

ஆண்டு தொடர்பாக இன்னொரு பழைய தந்திரத்தையும் கேள்விப்படுவீர்கள். 2000ஆம் ஆண்டைப் பற்றி யோசிக்காத பழைய நிரல்களுக்காக, ஆண்டை 28 பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். 28 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சாக ஒத்துவரும். இன்னொரு எல்லையும் காத்திருக்கிறது: 1900ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து எண்ணும் 370இன் 64 பிட் கடிகாரம் 2042 செப்டம்பரில் நிரம்பிவிடும்.

எம்விஎஸ்ஸில் தமிழில் எழுத முடியுமா?

முடியாது. எம்விஎஸ்ஸின் எழுத்துமுறை எப்சிடிக். அதில் ஆங்கில எழுத்துகளே தொடர்ச்சியாக இல்லை; ஐக்கும் ஜேக்கும் நடுவில் இடைவெளி, ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் இடைவெளி. துளை அட்டைக் காலத்து மரபு அது. யூடிஎஃப்-8 தமிழை ரீடரில் தள்ளினால் ஒவ்வொரு பைட்டும் அட்டவணைப்படி வேறொன்றாக மாறி, திரையில் குப்பைதான் வரும்.

இன்டர்நெட் இணைப்பு உண்டா?

எம்விஎஸ் 3.8இல் டிசிபி/ஐபி கிடையாது. உள்ளே போவது அட்டையாக, வெளியே வருவது அச்சாக. கண்டெய்னருக்குச் சிறப்பு நெட்வொர்க் உரிமை எதுவும் தர வேண்டாம்.

கோபால் மொழியில் நிரல் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எம்விஎஸ்ஸுக்கு முந்திய எம்விடி இயங்குதளக் காலத்துக் கம்பைலர். என்ட்-இஃப் போன்ற வசதிகள் அதற்குப் பிந்தியவை. ஒவ்வொரு இஃப்பையும் முற்றுப்புள்ளியால் மூட வேண்டும். ஒரு புள்ளி தவறினால் நிரலின் போக்கே மாறிவிடும். ஃபோர்ட்ரான், பிஎல்/1, ஆல்கால், அசெம்ப்ளர் எல்லாம் இருக்கின்றன. அசெம்ப்ளர்தான் இந்தச் சிஸ்டத்தின் தாய்மொழி. அதில் கொஞ்சம் எழுதிப் பார்க்காமல் எம்விஎஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.

இந்த வகை மெஷின் நம் ஊரில் இருந்ததா?

இருந்தது. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தது. ஆனால் 155 மாடலில் பிறவியிலேயே மெய்நிகர் நினைவக வன்பொருள் கிடையாது, பின்னர் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அது இல்லாமல் எம்விஎஸ் ஓடாது. அந்த வகையில் உங்கள் கண்டெய்னர் ஒரு படி மேல்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? இசட்/ஓஎஸ்ஸையும் இப்படி ஓட்டலாமா?

எம்விஎஸ் 3.8ஐப் பொதுவெளியில் உள்ளதாகவே எல்லோரும் கருதிப் பல ஆண்டுகளாகப் பகிர்ந்துவருகிறார்கள். ஹெர்குலிஸ் க்யூ பொது உரிமத்தில் வருகிறது. இசட்/ஓஎஸ் அப்படியல்ல, ஐபிஎம் உரிமம் வேண்டும், ஹெர்குலிஸில் ஓட்ட அவர்கள் உரிமம் தருவதில்லை. இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது: ரோஜர் பௌலர் தொடங்கிய டர்போஹெர்குலிஸ் நிறுவனம் 2010இல் ஐரோப்பிய ஆணையத்திடம் ஐபிஎம் மீது புகார் கொடுத்தது. இணையத்தில் எங்கோ கிடைத்த இசட்/ஓஎஸ் வட்டுக் கோப்புகளை இறக்கி வேலை செய்யும் அலுவலகத்தின் மெஷினில் வைக்காதீர்கள்.

இதைப் பழகினால் மெயின்பிரேம் வேலைக்கு உதவுமா?

பாதி உதவும். ஜேசிஎல், டேட்டாசெட் (மெயின்பிரேமில் கோப்புக்குப் பெயர்), ஜெஸ்2, டிஎஸ்ஓ, நிரல் பாதியில் முறியும்போது வரும் ஏபெண்ட் குறியீடுகள் எல்லாம் இன்றும் அதே பெயரில் அதே குணத்தோடு இருக்கின்றன. 806 வந்தால் நிரல் கிடைக்கவில்லை, பி37 வந்தால் இடம் போதவில்லை, 0சி7 வந்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை. இவை இங்கே கற்றால் அங்கேயும் செல்லும். அசல் ஐஎஸ்பிஎஃப், டிபி2 தரவுத்தளம், சிக்ஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்), யூனிக்ஸ் பகுதி, இன்றைய கோபால் ஆகியவை இங்கே இல்லை. சிக்ஸ் போல எழுதிப் பழக கிக்ஸ் என்ற மாற்று உண்டு, அது நிரலாளர் பக்கத்துக்கு மட்டும். வேலைதான் குறி என்றால் ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் தளத்தில் இலவசமாக உண்மையான இசட்/ஓஎஸ் கணக்கு தருகிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு ஒரு பயனர் கணக்கு கிடைக்கும். முழு மெஷினையும் ஐபிஎல் செய்து, ஆபரேட்டராக உட்கார்ந்து, கெடுத்துச் சரிசெய்து பார்ப்பதற்கு இந்தக் கண்டெய்னர்தான்.

எம்விஎஸ் தவிர வேறென்ன ஓட்டலாம்?

ஹெர்குலிஸ் இருக்கும் அதே இமேஜில் வட்டுகளையும் கான்ஃபிகையும் மாற்றினால் விஎம்/370, டாஸ்/விஎஸ், இன்னும் பின்னால் போனால் ஓஎஸ்/360 எம்விடி எல்லாம் ஓடும். ஒரே மெஷினில் இரண்டு மூன்றைச் சேர்ந்து ஓட்டுவதானால் வெளிப்பக்கப் போர்ட் எண்களை மட்டும் மாற்றுங்கள்: 3270, 3271, 3272 என்று. உள்ளே எல்லோருக்கும் அதே 3270 இருக்கட்டும்.